மொச்சைக்கொட்டை ராஜாங்கம்

ஹேமலதாவுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. கம்பி ஒடிந்த குடை, கல்யாணப் பத்திரிகை, கொட்டாங்கச்சி, கோரிமேட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் புருஷன் பலராமன் கொண்டுவரும் காலி அட்டைப்பெட்டி, எல்லாம் அவளிடம் வந்துதான் மோட்சம் அடையும். ரெட்டியார்பாளையத்தில் அவர்கள் மாடியில் குடியிருந்தார்கள். கீழே வீட்டுக்காரர் ஜூல், என்றைக்காவது கார் வாங்குவோம் என்று ஒரு கராஜ் கட்டி வைத்திருந்தார். கார் வரவேயில்லை. ஹேமலதா வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கராஜ் திறக்கும். அவள் மகள் அபி, ஜூலின் மகன் அலெக்சி, இரண்டு பேருக்கும் ஒன்பது வயது. அலெக்சியின் தங்கை ஏஸ்தெலுக்கு ஆறு. தெருப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் சில நாள் வருவார்கள். வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், ஒட்டியது மேஜையோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டால் சிரிப்பார்கள். குடைத்துணியில் வவ்வால் செய்தார்கள். அட்டைப்பெட்டியில் ரயில் செய்தார்கள், அது கதவை விட அகலமாகிப் போய் வெளியே எடுக்க முடியாமல் இன்றுவரை உள்ளேயே நிற்கிறது. வாரத்தில் ஆறு நாள் சமையல், துணி, கடைக் கணக்கு, மாமியார் வீட்டு விசேஷம் என்று அடுத்தவர் சொன்னபடி ஓடுகிற ஹேமலதா, அந்த மூன்று மணி நேரம் மட்டும் மகாராணி.

வில்லங்கம் ஆந்தையால் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை அட்டையில் ஓர் ஆந்தை செய்தார்கள். கண்ணுக்குப் பளபளப்பாக ஏதாவது வேண்டும் என்றாள் ஹேமலதா. அலெக்சி ஓடிப் போய் நான்கு பித்தளைப் பட்டன் கொண்டுவந்தான். எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். நாற்பத்தைந்து வயதுதான் ஆகிறது, ஆனால் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வருவதற்கே இஸ்திரி போட்ட சட்டை போடுகிற மனுஷன். புத்தாண்டுப் பூசைக்குப் பட்டாளத்துக் கோட்டு எடுத்துப் போட்டவர், மூடப் பட்டன் இல்லாமல் கண்ணாடி முன் நின்றார். தேடிக்கொண்டு கராஜுக்குப் போனார். ஆந்தை அவரை அவருடைய பட்டன்களாலேயே முறைத்துப் பார்த்தது.

"மதாம்," என்றார் மாடிப்படியில் நின்று. அவர் ஹேமலதாவைப் பேர் சொல்லாமல் மதாம் என்று அழைத்தால் கோபம் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். "எட்டாந்தேதி திங்கக்கெழம பழைய சாமான் எடுக்கற வடிவேல் வரான். கராஜ்ல இருக்கறது மொத்தமும் வண்டில ஏறுது. கதவப் பூட்டிச் சாவிய நான் வெச்சிப்பேன்."

ஹேமலதா மன்னிப்புக் கேட்டாள். பட்டன்களைத் திரும்பத் தைத்தும் கொடுத்தாள். ஜூல் வாங்கிக்கொண்டு மெர்சி என்று நன்றி சொன்னார். ஆனால் முடிவு மாறவில்லை. அவர் மனைவி மர்த் தன் பங்குக்குப் பேசிப் பார்த்து, "அவர் சொன்னா சொன்னதுதான் ஹேமா. எனக்கே அதான் கதி" என்று கையை விரித்துவிட்டாள்.

அப்போது அபிதான் ஒரு விஷயத்தை எடுத்தாள். ஏழாந்தேதி ஞாயிற்றுக்கிழமை மூன்று ராஜாக்கள் திருநாள். அன்றைக்கு ஜூல் வீட்டில் கலேத் வெட்டுவார்கள். வட்டமாக, அடுக்கடுக்காகப் பொரிந்த மாவுக்குள் பூரணம் வைத்த பலகாரம் அது. உள்ளே ஒரு மொச்சைக்கொட்டை ஒளிந்திருக்கும். யார் துண்டில் மொச்சை வருகிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா. ராஜா ஒரே ஓர் உத்தரவு போடலாம், வீட்டில் எல்லாரும் கட்டுப்பட வேண்டும்.

"போன வருஷம் நான் ராஜா," என்றான் அலெக்சி. "பப்பாவ மீசைய எடுக்கச் சொன்னேன். எடுத்துட்டாரு. சட்டம்னா சட்டம்னு சொல்லிட்டு அவரே பிளேடு எடுத்துட்டு வந்தாரு."

மீசையில்லாத ஜூலை ஹேமலதாவும் பார்த்திருந்தாள். தேங்காய் உரித்த மாதிரி இருந்தது. அவள் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

"மர்த்தக்கா," என்றாள் அன்று சாயங்காலமே, முகத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு. "கலேத்த இந்த வருஷம் எதுக்குக் கடைல வாங்கணும்? பக்குவத்தச் சொல்லுங்க, நானும் பசங்களுமா செஞ்சிடறோம்."

மர்த் ஒரு நிமிஷம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் பக்குவம் சொன்னாள்.

சனிக்கிழமை கராஜில் அடுப்பு மூண்டது. மைதாவைப் பிசைந்து தேய்த்து, வெண்ணெயை வைத்து மடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி மடித்து, பிள்ளைகளின் மூக்கு வரை மாவு. பூரணத்துக்குப் பாதாமுக்குப் பதில் முந்திரியை அரைத்துச் சர்க்கரை சேர்த்தாள். சுடுவதற்கு, எப்போதோ வடிவேலிடமே வாங்கிப் போட்டிருந்த பெரிய அலுமினிய டேக்சாவில் மணல் கொட்டி, மூடி மேல் கரி நெருப்பைப் போட்டாள். ஒரு முறை செய்து பார்த்தது கருகிக் கரியானது. தெருநாய் அதை மோந்து பார்த்துவிட்டு மரியாதையாக நகர்ந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டாவது முறை செய்தது பொன்னிறமாக எழும்பி வந்தது. அலெக்சி கல்யாணப் பத்திரிகையின் தங்கத்தாளை வெட்டிக் கிரீடம் செய்தான், அபியின் தலை அளவுக்கு.

திட்டம் இதுதான்: மொச்சை அபிக்கு வர வேண்டும், கராஜைத் தொடக் கூடாது என்று அவள் உத்தரவு போட வேண்டும். கலேத்தின் மேல் கத்தி முனையால் ஏழு இலை கீறினாள் ஹேமலதா, ஆளுக்கொன்று. மொச்சை இருந்த இடத்துக்கு மேலே உள்ள இலைக்கு மட்டும் ஒரு நரம்பு கூடுதல். ஜூல்தான் வெட்டுவார். வீட்டிலேயே சின்னப் பிள்ளை மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு துண்டையும் எடுத்து அவர் யாருக்கு என்று கேட்க, அது கண்ணால் பார்க்காமல் ஒரு பேர் சொல்ல வேண்டும். யாரும் ஏமாற்றக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு.

"ஏஸ்தெல், நல்லாக் கேட்டுக்க," என்றாள் ஹேமலதா. "கால் மெட்டிய தரையில டக்குனு ஒரு தட்டு தட்டுவேன். தட்டினா அபி பேரச் சொல்லு. தட்டலன்னா வேற யார் பேர வேணும்னாலும் சொல்லு."

"தட்டினா அபி," என்றாள் ஏஸ்தெல். "இது பொய்யா அத்தை?"

"வெளையாட்டு," என்றாள் ஹேமலதா. அபி கூரையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜூல் கோட்டு போட்டிருந்தார், எல்லாப் பட்டனும் பூட்டியிருந்தது. ஒன்றும் தெரியாத பலராமன், "வாசனை தூக்குதே" என்று தட்டை முன்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டார். ஏஸ்தெல் மேஜைக்கு அடியில் புகுந்தாள். கையில் ஒரு கைப்பிடி சர்க்கரையும் இருந்தது, அது யாருக்கும் தெரியாது.

ஜூல் அளந்து வைத்தாற்போல ஏழு துண்டு போட்டார். கூடுதல் நரம்பு உள்ள துண்டு மூன்றாவதாக வரும் என்று ஹேமலதா மனசுக்குள் குறித்துக்கொண்டாள். அவர் முதல் துண்டைத் தூக்கினார்.

"இது யாருக்கு?"

அடியில் சிந்தியிருந்த சர்க்கரைக்கு எறும்பு வந்திருந்தது. வந்த எறும்புகளில் ஒன்று சர்க்கரையை விட்டுவிட்டு ஹேமலதாவின் கால் சுண்டுவிரலைச் சுருக்கென்று கடித்தது. கால் தன்னால் உதறியது. மெட்டி தரையில் டக்கென்றது.

"அபி," என்றாள் ஏஸ்தெல், கணீரென்று.

அபி அம்மாவைப் பார்த்தாள். ஹேமலதா திருதிருவென்று முழித்தாள். அபி துண்டைப் பிய்த்துப் பார்த்தாள். வெறும் பூரணம்.

இரண்டாவது துண்டு பலராமனுக்குப் போனது. மூன்றாவது துண்டு கத்தியின் மேல் எழும்பியபோது அந்த நரம்பு ஹேமலதாவின் கண்ணுக்கு வாழை இலை நரம்பு மாதிரி தடியாகத் தெரிந்தது. என்ன செய்வது என்று தோன்றாமல் பழக்கத்தில் ஒரு தட்டு தட்டினாள்.

"அபி."

"அபிக்குத்தான் குடுத்தாச்சே," என்றார் ஜூல். "வேற பேரு சொல்லு."

அலெக்சி பேரைச் சொல்லேன், உன் பேரையாவது சொல்லேன் என்று ஹேமலதாவின் கால் தவித்தது. தவித்த கால் இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட்டது. மேஜைக்கு அடியில் ஒரு ஆறு வயது மூளை கஷ்டப்பட்டு யோசித்தது. இத்தனை தரம் தட்டுகிற ஆளுக்குத்தான் ரொம்பப் பசி போலிருக்கிறது.

"ஹேமா அத்தைக்கு," என்றாள்.

முதல் வாயிலேயே மொச்சை பல்லில் பட்டது. விழுங்கிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தாள் ஹேமலதா. எட்டு மணி நேரம் ஊறிய கொட்டை, ஆனாலும் பெரிசு. பிள்ளைகள் உதவாவிட்டால் அம்மாக்காரி என்ன செய்வாள் என்று கேட்கிற மாதிரி அபி பார்த்துக்கொண்டிருந்தாள். ஹேமலதா மொச்சையை உள்ளங்கையில் துப்பி மேஜை மேல் வைத்தாள்.

"வொலா, ராஜா கெடச்சாச்சு," என்றாள் மர்த். அலெக்சி கிரீடத்தைக் கொண்டுவந்தான். ஒன்பது வயசுத் தலைக்குச் செய்த கிரீடம் அவள் கொண்டையின் மேல் மல்லிகைப்பூவுக்கு நடுவில் கோணலாக உட்கார்ந்தது.

"உத்தரவு சொல்லுங்க," என்றார் ஜூல், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

ஹேமலதா சரிந்த கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். பிள்ளை கேட்டால் விளையாட்டு. அதே வார்த்தையைக் குடியிருக்கிறவள் வீட்டுக்காரரிடம் கேட்டால் அது வேறு. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் இத்தனை திட்டமும் போட்டோம் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"எல்லாருக்கும் ஒரு காபி..." என்று ஆரம்பித்தாள். அபி எழுந்து வந்து அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"யோசிச்சுச் சொல்லும்மா," என்றாள். "ஒண்ணுதான் சொல்ல முடியும்."

மகளின் கையை விலக்கிவிட்டு ஹேமலதா ஜூலை நேராகப் பார்த்தாள்.

"முசியே, கராஜ எடுத்துடாதீங்க. பட்டன் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காதது என் தப்பு, பசங்க தப்பில்ல. வாரத்துல மத்த நாளெல்லாம் யார் யாருக்கோ போவுது. சனிக்கெழம ஒண்ணுதான் எனக்குன்னு இருக்குது. அது போயிடுச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்னே எனக்குத் தெரியல."

பலராமன் மெல்லுவதை நிறுத்திவிட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இது அவருக்குப் புதுச் செய்தி.

ஜூல் தொண்டையைச் செருமினார். "ராஜா உத்தரவு இன்னிக்கிப் பொழுது சாயற வரைக்கும்தான் செல்லும், மதாம். பொழுது சாயற வரைக்கும் கராஜத் தொட மாட்டேன். வடிவேல் நாளைக்குக் காலைலதான் வரான். ஆக, உத்தரவு நிறைவேறிடுச்சு."

அலெக்சி முகம் சப்பென்று போனது. ஏஸ்தெல் மேஜைக்கு அடியிலிருந்து அழத் தயாரானாள். ஆனால் ஹேமலதாவுக்குக் கிரீடம் கொஞ்சம் பழகிவிட்டிருந்தது.

"நான் இன்னும் உத்தரவே போடல," என்றாள். "இப்ப சொன்னது மனுசருக்கு மனுசரு கேட்டுக்கறது. உத்தரவு இதான். பொழுது சாயற வரைக்கும் நீங்க எங்களோட கராஜ்ல ஒக்காந்து ஒங்க கையால ஒரு பொருள் செய்யணும்."

மர்த் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். ஜூல் மொச்சையைப் பார்த்தார், கிரீடத்தைப் பார்த்தார். சட்டம்னா சட்டம். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு நடந்தார்.

கராஜுக்குள் அவர் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி எதையும் தொடாமல் கால்மணி நேரம் நின்றார். பிறகு மேஜையில் இறைந்து கிடந்த கத்தரிக்கோல்களைப் பார்த்து முகம் சுளித்தார். "இதெல்லாம் வெக்க ஒரு எடம் வேணாமா?" என்று மருந்து அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தார். ஸ்கேல் கேட்டார். பென்சிலைச் சீவச் சொன்னார். அறை அறையாகத் தடுத்து, ஒரு கத்தரிக்கோலுக்கு ஒரு அறை என்று ஒரு தட்டு செய்ய ஆரம்பித்தார். ஒரு மூலை மயிரிழை கோணிவிட்டது என்று பிரித்து மறுபடி ஒட்டினார். பிள்ளைகள் சுற்றி நின்று பசையும் நூலும் எடுத்துக் கொடுத்தார்கள்.

"பப்பா, பொழுது சாஞ்சிடுச்சு," என்றான் அலெக்சி. அவன் நேர்மையான பையன். அபி அவனைக் கிள்ளினாள், ஆனால் சொல்லியாகிவிட்டது.

ஜூல் இரண்டு அட்டைகளை அழுத்திப் பிடித்திருந்தார். "பசை காயல," என்றார். "இப்ப கைய எடுத்தா வுட்டுப் போயிடும்."

அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்: "மதாம், நான் பதினேழு வருஷம் காவல் நின்னவன். மொதத் துண்டுக்கு ஒரு தட்டு, மூணாந்துண்டுக்கு மூணு தட்டு. அடுத்த வருஷம் செருப்பு போட்டுக்கங்க."

ஹேமலதாவுக்குக் காது வரைக்கும் சூடேறியது. மர்த் வாசலில் நின்றபடி விழுந்து விழுந்து சிரித்தாள்.

திங்கட்கிழமை வடிவேல் மூன்று சக்கர வண்டியோடு வந்தான். ஹேமலதா மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூல் வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றி வந்தார். அதில் கிடந்த உடைந்த அலமாரியின் இழுப்பறை ஒன்றைத் தட்டிப் பார்த்து, உள்ளே எடுத்துப் போனார். திரும்பி வந்து இன்னொன்றையும் எடுத்தார்.

"சாமான் ஏத்தத்தான வரச் சொன்னீங்க முசியே," என்றான் வடிவேல்.

"அடுத்த வாரமும் வா," என்றார் ஜூல்.

சனிக்கிழமை ஹேமலதா படியிறங்கி வந்தபோது மணி பத்து ஐந்து. கராஜ் ஏற்கனவே திறந்திருந்தது. கதவில் தமிழிலும் பிரெஞ்சிலும் பதினோரு விதிமுறை ஒட்டியிருந்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒரு பேர்ச்சீட்டு. ஏஸ்தெலுக்கும் அபிக்கும் நடுவில், ஏஸ்தெலுடையதைப் போலவே குட்டையான ஒரு முக்காலியில், மதாம் ஹேமலதா என்று எழுதியிருந்தது.

"லேட்டு," என்றார் ஜூல்.

தன் ராஜாங்கத்தில் தனக்கே முக்காலியா என்று அவளுக்கு மூக்கு விடைத்தது. இருந்தாலும் உட்கார்ந்தாள். அவர் தட்டிலிருந்து கத்தரிக்கோல்களை எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டு வந்தார். அவள் கைக்கு வந்தது ஏஸ்தெலுக்குக் கொடுத்த அதே ரகம், முனை மழுங்கினது, வெண்ணெய் கூட வெட்டாது.

"எனக்கு நல்லது ஒண்ணு குடுங்க முசியே. அபிக்குக் கூட கூரா குடுத்திருக்கீங்க."

"மொதல்ல பழகுங்க, மதாம். மூணு சனிக்கெழம போவட்டும். அப்பறம் தரேன்."

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்ட பதிலை ஹேமலதா விழுங்கினாள். மூன்று சனிக்கிழமை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அந்த மழுங்கல் கத்தரிக்கோலை எடுத்துப் பத்திரிகைத் தாளை வெட்ட ஆரம்பித்தாள். அது வெட்டவில்லை, கிழித்தது. அவள் தொடர்ந்து வெட்டினாள்.