குணம் என்று எழுதிய பிறகு

ஷைனி என்ற ஐந்து வயதுப் பிள்ளையின் பெயர் இரண்டு தாள்களில் இருந்தது. செவிலியர் மரியசெல்வியின் பேதி நோட்டில்: "ரத்தபேதி. ஏப்ரல் 12, குணம்." மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாளில்: "ஏப்ரல் 16, சிறுநீரகச் செயலிழப்பு. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை." தகப்பன் பெயரும் தெருவும் பொருந்தின. தேறி எழுந்து ஓடியாடிய பிள்ளைக்கு நாலே நாளில் எப்படி மூத்திரம் நின்றது?

பதினோரு வருடம் கிராமம் கிராமமாக அலைந்த மரியசெல்விக்கு இது பிடிபடவில்லை. பாம்பு ஏதும் தீண்டியதா, யாராவது பச்சிலை அரைத்துக் கொடுத்தார்களா என்று விசாரித்தாள். ஒன்றுமில்லை. பதினெட்டாம் தேதி பிள்ளை போய்விட்டது.

மறுநாள் காலை நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ரஹ்மத்துல்லாவின் முன் நின்றாள்.

"பேதி ஆரம்பிச்சது என்னைக்கு?" என்றார் அவர்.

"ஒம்பதாம் தேதி சார். சேவுகம்பட்டி காதுகுத்துல சாப்ட்ட பிள்ளைக. வெள்ளரிப் பச்சடிதான்னு கண்டுபிடிச்சு ரிப்போர்ட்டும் அனுப்பிட்டேன்."

"அப்ப மூத்திரம் நின்னது ஏழு நாள் கழிச்சும்மா. வயித்துல சண்டை முடிஞ்சிருச்சு. கிருமி விட்ட விஷம் ரத்தத்துல கலந்துருச்சு."

தாளில் வரைந்தே காட்டினார். அந்த விஷம் சிறுநீரகத்தின் மயிரிழைக் குழாய்களைப் புண்ணாக்குகிறது. புண்ணான இடத்தில் ரத்தம் உறைந்து அடைக்கிறது. மிச்சமுள்ள சந்தில் நுழையும் சிவப்பணுக்கள் கிழிந்துபோகின்றன; அதனால் முகம் வெளுக்கிறது. வடிகட்டி அடைபட்டதால் மூத்திரம் குறைகிறது. வெளியேற வழியில்லாத நீர் உடம்பில் ஊறி முகம் வீங்குகிறது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆகிற பிள்ளைக்கு, பேதி தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில், வயிறு சரியான பிறகுதான் ஆகும்.

மரியசெல்வி நோட்டைப் பார்த்தாள். ஷைனிக்குக் கீழே, அதே பச்சடியைத் தின்ற இன்னும் நாலு பிள்ளைகள். நாலு வரியிலும் அவள் கையெழுத்தில் "குணம்".

டிவிஎஸ் வண்டியை எடுத்தாள். முதல் மூன்று வீடுகளில் பிள்ளைகள் நன்றாக மூத்திரம் போயின. நாலாவது ஒச்சப்பன் வீடு. அவர் மனைவி நாகஜோதி வாசலில் மல்லிகை மொட்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன நர்ஸம்மா, கொணமாயிருச்சுன்னு நீங்கதான எழுதிட்டுப் போனீக? மறுபடி ஊசியா?"

"பொன்னழகு எங்க?"

"உள்ள படுத்திருக்கா. பேதி நின்னதும் பாருங்க, கன்னமெல்லாம் சதை வச்சிருக்கு. நெறங்கூட ஏறிருச்சு."

பாயில் கிடந்த நாலு வயதுப் பெண்ணின் முகம் உப்பி, சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. மரியசெல்வி கணுக்காலில் பெருவிரலை அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது; சதையில்லை, நீர்.

"ஒண்ணுக்குப் போனாளா?"

"போயிருப்பா."

"எப்ப? நல்லா யோசிச்சுச் சொல்லு தாயி."

நாகஜோதியின் கை மொட்டுகளுக்குள்ளேயே நின்றது. "நேத்து... நேத்து காலைல. கொஞ்சூண்டு. காப்பித்தண்ணி மாதிரி."

தெருமுனையில் மதுரைக்குப் பூ ஏற்றும் வேன் நின்றது. மூட்டைகளை இறக்கிவிட்டுப் பிள்ளையைக் கிடத்தினார்கள். வழி நெடுக மரியசெல்வி அவள் மூச்சையே எண்ணிக்கொண்டு போனாள்.

மதுரையில் பிள்ளையின் வயிற்றில் குழாய் வைத்து, நீரை ஏற்றி இறக்கி, அந்த வழியாகக் கழிவை எடுத்தார்கள். ஆறு நாள் மூத்திரப் பை வெறுமையாகவே தொங்கியது. ஏழாம் நாள் அரை டம்ளர் இறங்கியது. அதற்கடுத்த நாள் ஒரு டம்ளர்.

ஊர் திரும்பிய மரியசெல்வி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, நோட்டில் புதிதாக இரண்டு கட்டங்கள் போட்டாள்: மூத்திரம், முகம். ரத்தபேதி கண்ட பிள்ளையின் வரியைப் பேதி நின்ற அன்று மூடக் கூடாது. பேதி தொடங்கிய நாளிலிருந்து பதினாலு நாள் வரை தினமும் வீட்டுக்குப் போய், மூத்திரம் எத்தனை தரம் போனது என்று கேட்டு, முகம் வெளுத்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். மூத்திரம் குறைந்தாலோ, முகம் வெளுத்தாலோ வீங்கினாலோ அன்றே மதுரைக்கு அனுப்ப வேண்டும். பதினாலு நாளும் சரியாக இருந்தால் மட்டுமே "குணம்" என்று எழுத வேண்டும்.