மேட்டில் பதின்மூன்று கற்கள்

வெள்ளிக்கிழமை மதியம் கோர்ட்டின் ஆவண அறையில் வெர்லி டீக் கடைசிப் பதிவேட்டையும் மூடிவிட்டு மேசையை ஓங்கி அடித்தாள்.

"மேச என்ன பண்ணுச்சு மிஸ் வெர்லி?" என்றான் குமாஸ்தா ரோண்டல்.

"திங்கக்கெழம மேடே போகப்போகுது. உனக்கு மேசதான் பெருசாப் போச்சா?"

நிலக்கரிக் கம்பெனி அந்த மேட்டைத் தரைமட்டமாக்கப் போகிறது. மேலே பெயர் பொறிக்காத கல்லறைக் கற்கள். அங்கே கிடப்பவர்கள் யார் என்று எழுத்தில் காட்டி, தான் அவர்கள் வம்சம் என்று இன்று நாலரைக்குள் வெர்லி நிரூபித்தால் கம்பெனி கை வைக்க முடியாது. குடும்பத்தின் மூத்த முன்னோர் அப்சலம் டீக்கிலிருந்து தன் வரைக்கும் வெர்லியிடம் காகிதம் இருந்தது. அவர் அந்த மேட்டில்தான் கிடக்கிறார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

கம்பெனிக்காரர்கள் பன்னிரண்டு கல் என்று எழுதியிருந்தார்கள். பதின்மூன்றாவது கல் ஒரு ரொட்டி அளவுதான். அது அவர்கள் கண்ணில் படவில்லை. வெர்லிக்கோ அந்த ஒன்றுதான் கணக்கு. பதினேழு வயதில், கல்யாணமாகாமல், வீட்டிலேயே பெற்றாள். பிள்ளைக்கு உயிரில்லை. அந்தக் கல்லுக்கடியில்தான் புதைத்தார்கள். முகத்தைக் காட்டவில்லை. ஆணா பெண்ணா என்றுகூட அப்பா சொல்லவில்லை. கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். ஊர் வாயில் விழக் கூடாதென்று எங்கும் பதியவும் இல்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு கேட்பதற்கும் ஆளில்லை.

இருபது வருஷமாக முன்னோரைத் தேடி அலைந்தாள். ஓரிடத்தில் நிற்கிற மனிதர்களா அவர்கள்! கரோலினாவின் வரிப்பட்டியலில் தலைகாட்டிய அப்சலம் பத்து வருஷம் காணாமல் போனார். ஆள் தொலைந்தால் பக்கத்து வீட்டுக்காரனைப் பிடி என்பது இந்த வேலையின் முதல் பாடம். அந்தக் காலத்தில் யாரும் தனியாக மலை தாண்டவில்லை. அப்படித்தான் பக்கத்து வீட்டு ப்ரூயிட் குடும்பத்தின் பின்னாலேயே போய் டென்னசியில் அவரைப் பிடித்தாள். கென்டக்கியிலும் டீக் இருந்தால் அடுத்த வரியில் ப்ரூயிட்.

"மிஸ் வெர்லி, உங்க வீட்டுக்குக் குழி வெட்டுனது யாரு? சொந்தக்காரங்க மண்வெட்டியத் தொடமாட்டாங்கல்ல?"

வெர்லி எழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் வெட்டுவார்கள். அவள் பிள்ளையைப் புதைத்த அன்றும் டெல்மர் ப்ரூயிட் மண்வெட்டியோடு ஓடையைத் தாண்டிப் போனதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். செத்துப்போன ப்ரூயிட்களை இருநூறு வருஷம் பின்னோக்கித் துரத்தியவள், ஓடைக்கு அந்தப் பக்கம் உயிரோடிருக்கும் டெல்மரின் மகளிடம் இருபத்தைந்து வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் ஒரு பாழாய்ப்போன வேலித் தகராறு.

ஓர்லீனா ப்ரூயிட் சமையலறையில் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். ஏறிட்டுப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

"வழி தெரிஞ்சுதா மகாராணிக்கு?"

"திட்டு ஓர்லீனா, எவ்வளவு வேணாலும் திட்டு. அப்புறமாத் திட்டு. மேட்டுல யாரு யாரு இருக்காங்கன்னு உங்கப்பா எங்கயாவது எழுதி வெச்சாரா?"

"நீ கோர்ட்டுக்கும் லைப்ரரிக்கும் நாயா அலையறன்னு ஊரே சொல்லுச்சு. இந்த ஓடையத் தாண்டி வந்து ஒரு வார்த்த கேட்டியா?"

"எங்கப்பா செஞ்சது தப்பு. வேலிய நகத்துனது அவர்தான். எனக்குத் தெரியும், வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்." என்றாள் வெர்லி. "உன் கால்ல வேணாலும் விழறேன்."

"காலு வலிக்குது, விழாத," என்று முனகிக்கொண்டே ஓர்லீனா உள்ளே போய்க் குடும்ப பைபிளை எடுத்துவந்தாள். முன்பக்கங்களில் ப்ரூயிட்களின் பிறப்பும் கல்யாணமும். பின்பக்கங்களில் அவர்கள் வெட்டிய குழிகள், அப்பன் மகன் பேரன் என்று மாறி மாறி வந்த கையெழுத்துகளில்.

"குழி வெட்டுன கையோட எழுதிடணும்னு எங்க வீட்டுச் சட்டம்."

முதல் வரியில் அப்சலம் டீக் இருந்தார். அதற்குக் கீழே அவர் மனைவி. வெர்லியின் விரல் இறங்கிக் கடைசி வரியில் நின்றது. டெல்மரின் கோணல் எழுத்து.

1971 மார்ச் 9. வெர்லி டீக்கின் பெண் குழந்தை. மூன்றடி ஆழம். நல்ல மழை.

வெர்லி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து அழுதாள். ஓர்லீனா கடிகாரத்தைப் பார்த்தாள், மணி மூன்றேமுக்கால். வெர்லியின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எந்திரிடி. வண்டியில அழுதுக்கலாம். புஸ்தகத்த உன்கிட்டத் தரமாட்டேன், நானும் வரேன்."

நாலு இருபதுக்குக் கோர்ட்டில் ரோண்டல் படிவத்தை நீட்டினான். ஒரு பக்கம் பெயர், எதிரே உறவு.

"பன்னெண்டு வரி போதும்ல மிஸ் வெர்லி?"

"பதிமூணு போடு," என்றாள் ஓர்லீனா.

வெர்லி ஒவ்வொன்றாக நிரப்பினாள். கடைசி வரியில் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, எதிரே 'மகள்' என்று எழுதினாள்.