மாடியிலிருந்து இறங்கும் குழாய்

அந்தத் தெருவில் பிளம்பரை யாரும் பிளம்பர் என்று கூப்பிட்டதில்லை. ஒட்டுக்காரர் என்பார்கள். அவர் ஒட்டிய குழாய் கசிந்ததே கிடையாது.

ஒருநாள் வீட்டுக்காரர் ஒருவர் அவரைப் பின்பக்கச் சந்துக்கு அழைத்துப்போய், மாடியிலிருந்து இறங்கும் வார்ப்பிரும்புக் கழிவுக் குழாயைக் காட்டினார். மாடியில் அவருடைய அண்ணி குடியிருந்தாள். அண்ணன் செத்த பிறகு அவளும் பள்ளிக்கூடம் போகும் மகளும்தான்.

“இதுல மேல இருந்து ஒரு சொட்டு இறங்கக் கூடாது. ஆனா பாக்கறவங்களுக்கு ரிப்பேர் பண்ண மாதிரி இருக்கணும்.”

“மேல ஆளு இருக்காங்களே சார்?”

“இருக்கறதாலதான்யா சொல்றேன். காலி பண்ணுன்னு வாயால சொல்லிப் பாத்தாச்சு, அசைய மாட்டேங்கறா. நான் புதுசா கட்டுற வீட்டு வேலை பூரா உனக்குத்தான்.”

ஒட்டுக்காரர் அதிகம் யோசிக்கவில்லை. மேல்குழாயின் கனம் இறங்கிவிடாதபடி சுவரோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார். ரம்பத்தால் அறுத்து ஒரு முழத் துண்டை எடுத்தார். அந்த இடத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை வெட்டி, பிசிறு சீவி, பசை தடவி, இரண்டையும் கவ்வுகிற கப்ளிங்கை நடுவே போட்டு இணைத்தார். கப்ளிங்குக்குள் வட்டமாக நறுக்கிய ஒரு பிளாஸ்டிக் தகட்டையும் வழி அடைபடும்படி வைத்து ஒட்டினார். பிளாஸ்டிக் இரும்பைத் தொடும் இடங்களில் ரப்பர் உறை, அதன்மேல் கிளாம்ப். சுத்தமான வேலை.

அண்ணி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். “மாத்திட்டீங்களா? துரு கொட்டிட்டே இருந்துச்சு. புண்ணியமாப் போச்சுண்ணா.”

சீக்கிரமே அவள் குளியலறைத் தரையில் கழிவு பொங்கி வந்தது. வாளியில் அள்ளி அள்ளிக் கீழே கொண்டுபோய்க் கொட்டினாள். மகள் காலையில் கழிவறைக்காகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். கொழுந்தனான வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “பழைய வீடு அண்ணி, நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

அவள் ஒட்டுக்காரரையே கூப்பிட்டாள். அவரும் வந்து நீளக் கம்பியை உள்ளே விட்டுக் குத்தினார். அது அவர் வைத்த தகட்டில்தான் போய் முட்டியது.

“மாடித் தரைக்குள்ள ஓடுற குழாய் பூரா நொறுங்கிக் கெடக்கும்மா. ஒண்ணும் பண்ண முடியாது. பொண்ண வெச்சுக்கிட்டு இந்த நாத்தத்துல எதுக்கு? வேற எடம் பாருங்க.”

அவள் அழுதாள். கூலி கொடுக்க வந்தபோது அவர் வேண்டாம் என்றார். “நீங்களாவது உண்மையச் சொன்னீங்களே” என்றாள் அவள்.

அவள் காலி செய்துகொண்டு போன அன்றே, அடைப்பை எடுக்கச் சொல்லி வீட்டுக்காரர் போன் போட்டார். ஒட்டுக்காரர் கப்ளிங்கை அறுத்ததும், மேலே தேங்கி நின்றதெல்லாம் அவர் தலையில் கொட்டியது. வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அண்ணியோட ஆசீர்வாதம்யா, வாங்கிக்க!”

சொன்னபடியே புது வீட்டு வேலையும் கிடைத்தது.

அது பாதி நடந்துகொண்டிருந்தபோது ஊரின் மறுகோடியிலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார். வாடகைக்கு விட்ட அறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒழுகுகிறதாம். போனால், கதவைத் திறந்தவள் அண்ணி.

“நான்தான் இவரைச் சொன்னேன்” என்றாள், கூடவே வந்து நின்ற அந்த அம்மாளிடம். “இவர் ஆகாதுன்னா ஆகாதுதான். பொய் சொல்ல மாட்டாரு.”

அவர் குனிந்து பார்த்தார். ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். அவர் நிமிராமல் அதையே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

அவர் நிமிராததைப் பார்த்து அவள் முகம் வெளிறியது. மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“என்னண்ணா? இங்கேயும் காலி பண்ணணுமா?”