ஜன்னல் பக்கத்துக் கன்னம்

1.

இந்தக் கதை என் அக்காவின் மணிக்கட்டு அரிப்பில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அரிப்பைக் காட்டப் போனால், தோல் டாக்டர் மணிக்கட்டை விட்டுவிட்டு முகத்தையே பார்த்தார்.

"வண்டி ஓட்டுறீங்களா?"

நாங்கள் வாயே திறந்திருக்கவில்லை. அக்கா இருபத்துநான்கு வருடமாக ரொட்டி வேன் ஓட்டுகிறாள். ஜன்னலோர வலக்கன்னத்தில் எழுபது வயதுச் சுருக்கம். இடக்கன்னத்துக்கு நாற்பதுகூட மதிக்க முடியாது. [நடுவில் மூக்கு, எல்லைக்கல் மாதிரி.]

"வண்டிக் கண்ணாடி வெயில தோலைச் சுட விடாது. ஆனா வயசாக்குற கதிர் உள்ள வந்துடும்," என்றார் டாக்டர்.

2.

தொடக்கம் ஒன்று: "சூரியன் என்பது ஒரு" — அடித்துவிட்டேன். பள்ளிக் கட்டுரை வாடை.

தொடக்கம் இரண்டு: எட்டு நிமிடம் இருட்டைக் கடந்து வந்த வெளிச்சம், வேறெங்கும் போகாமல், ரொட்டி ஏற்றிப் போகும் ஒருத்தியின் கன்னத்தில் உட்கார்ந்தது. தினமும்.

இதை எழுதியதும் பேனாவை மூடிவிட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

3.

அத்தான் அத்தனை வருடமும் அவளுக்கு இடப்பக்க இருக்கையில். கடைகளில் ரொட்டித் தட்டு இறக்குவது அவர் வேலை. நான்கு மாதம் முன்பு முழங்கால் கைவிட்டது. இப்போது மாலையில் வாசலில் நாற்காலி. முதல் நாள் வேன் சந்துக்குள் வந்தபோது ஜன்னல் பக்கம் அவரைப் பார்த்து நின்றது.

"யாரும்மா நீ? எம் பொண்டாட்டி வண்டியத் திருடிட்டு வர்ற?"

வேடிக்கைதான். அக்காவும் சிரித்தாள். மறுநாளிலிருந்து சந்துக்குள் பின்பக்கமாகவே ஓட்டி வருகிறாள். அப்படி வந்தால் வாசலுக்குத் தெரிவது இடக்கன்னம்.

(வீட்டுக்குள் பார்த்ததே இல்லையா என்பீர்கள். நானும் கேட்டேன். "வீட்டுல யாருடா மூஞ்சியப் பாக்குறா? தட்டத்தான் பாப்பாரு," என்றாள்.)

4.

இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். ஐம்பத்தொரு வயதில் ஒருத்தி இப்படிச் செய்வாளா? டாக்டர் தந்த தாளில் வெயில், புகை, தூக்கக் குறைவு, அழுத்தித் தேய்க்கும் சோப்பு என்று வரிசையாக இருக்கிறது. வண்டியைப் பின்னால் எடுப்பது பற்றி ஒன்றும் இல்லை. போன வாரம் பக்கத்து வீட்டு கேட் தூண் போயிற்று.

"அக்கா, அடுத்தது யார் மேலயாவது ஏத்தப்போற."

"பாத்து ஓட்டிக்கிறேன். அந்த மனுசன் அந்தக் கேள்விய இன்னொரு தடவ கேக்கக் கூடாதுடா."

5.

முடிவு அ: களிம்பு தடவி — பொய்.
முடிவு ஆ: நான் அத்தானைக் கண்டித்து — எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

இன்று மாலை ஐந்துக்குப் போனேன். அத்தான் கம்பை ஊன்றி, நாற்காலியைச் சந்தின் எதிர்ப்பக்கத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தான், இங்க?"

"அந்தப் பக்கத்த இருபத்துநாலு வருசம் பாத்தாச்சு மச்சான். இந்தப் பக்கத்தக் கண்ணுலயே காட்ட மாட்டேங்குறா."

வேன் வழக்கம்போலப் பின்பக்கமாக வந்தது. நாற்காலிக்கு நேராக ஜன்னல் நின்றது. சாய்ந்த வெயிலில் அந்தக் கன்னம்: இத்தனை வருடத்து வெளிச்சமும் ஒரு கோடு விடாமல் அங்கே இருந்தது. அக்காவின் ஒரு கை முகத்தை மறைக்கப் போயிற்று. மறு கை கண்ணாடியை இறக்கத் தொடங்கியிருந்தது. அத்தான் மெல்ல எழுந்து, அந்த

இல்லை. கண்ணாடி பாதி இறங்கியிருக்கிறது. இதற்கு மேல் நான் கைவைக்க மாட்டேன். மீதியை நீங்கள் இறக்குங்கள்.