கைப்பிடி இடித்த இடம்

ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில் டாக்டர்கள் எழுதும் குறிப்பைப் படித்து, என்ன காயம், அது எப்படி ஏற்பட்டது என்பதற்கெல்லாம் உரிய எண்ணைப் போடுவது அவள் வேலை. கோடர் என்பார்கள். நின்றபடி ஓட்டும் மின்சார ஸ்கூட்டர்கள் தெருவுக்கு வந்த பிறகு அந்த வேலையில் புதிதாக ஒரு தலைவலி சேர்ந்துகொண்டது. 'ஸ்கூட்டரில் அடிபட்டார்' என்று மொட்டையாக எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். உட்கார்ந்து ஓட்டுவதா, நின்று ஓட்டுவதா? தானே சரிந்தாரா, எதன்மேலாவது மோதினாரா? இல்லை, நடந்துபோனவர்மேல் ஸ்கூட்டர் வந்து இடித்ததா? ஒவ்வொன்றுக்கும் எண் வேறு. அவள் எதையும் ஊகித்துப் போடமாட்டாள். டாக்டருக்குக் கேள்வி அனுப்புவாள். பதில் வரும்வரை விடமாட்டாள். 'உடும்புப்பிடி' என்று பிரிவில் அவளுக்குப் பட்டப்பெயர். அதில் அவளுக்கு வருத்தமில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கர்வம்தான்.

அன்று அவள் திரையில் வந்த ஒரு ஃபைலில், நோயாளி படியில் வழுக்கி விழுந்ததாகவும், மணிக்கட்டு முறிந்திருப்பதாகவும், மறுநாள் காலை அறுவை சிகிச்சை என்றும் இருந்தது. பெயரைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. அவள் கணவனின் அக்கா.

சொந்தக்காரர்களின் ஃபைலைத் தொடக்கூடாது என்பது பிரிவில் கண்டிப்பான விதி. அடுத்த வரியைப் படிக்காமலே அதைப் பக்கத்து மேசைக்காரருக்கு மாற்றிவிட்டாள். பிறகு வெளியே வந்து கணவனைக் கூப்பிட்டாள்.

நாத்தனார் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கித் தேறியவர்கள். படியில் வழுக்குகிற ஆளா அவர் என்று கேட்டதுமே கணவன் திணறினான். அவன் வாயில் ரகசியம் ஒருநாளும் தங்கியதில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க அக்கா. முக்கியமா உன்கிட்ட" என்றான்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். பாடம் கற்க வந்த ஒருவர் மின்சார ஸ்கூட்டரில் வந்திருக்கிறார். இதென்ன பெரிய வித்தை என்று அக்கா அதை வாங்கிக்கொண்டு தெருவில் ஒரு சுற்று கிளம்பியிருக்கிறார். ஓரமாக நின்றிருந்த காரின் கதவு சட்டென்று திறந்தது. நேராகப் போய் அதில் மோதிவிட்டார். ஸ்கூட்டரின் கைப்பிடியே வளைந்துவிட்டதாம். சொல்லிவிட்டு அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. வளைந்த கைப்பிடிகளைப் பற்றி எத்தனையோ ஃபைல்களில் படித்திருக்கிறாள். வண்டி நின்றுவிடும், உடம்பு நிற்காது. கைப்பிடியின் முனை வயிற்றில் குத்தும். வெளியே பார்த்தால் சின்னக் கன்றிப்பு, உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கும். படியில் வழுக்கியவருக்கு அந்தச் சந்தேகமே யாருக்கும் வராது. ஃபைலைக் கைமாற்றிவிட்டதால் இப்போது அவள் கோடர் இல்லை, வெறும் உறவுக்காரி. வார்டுக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நாத்தனார் வாயைத் திறக்காவிட்டால் தானே டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று படியேறும்போதே முடிவு செய்துவிட்டாள்.

நாத்தனார் கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்தபடி, யாருக்கோ போனில் கிளட்ச் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். குரலில் தெம்புக்குக் குறைவில்லை. முகம்தான் வெளுத்திருந்தது.

"அண்ணி, கைப்பிடி எங்க இடிச்சுது?"

"எந்தக் கைப்பிடி?"

"ஸ்கூட்டர் கைப்பிடி."

நாத்தனார் போனை அணைத்தார். "உளறிட்டானா அவன்?"

"அவரைத் திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம். வயித்துலயா?"

நாத்தனார் போனைத் தலையணைக்கடியில் செருகினார். பிறகு நல்ல கையால் இடது விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். "இங்கதான். லேசாத்தான் பட்டுச்சு. டாக்டர் கேட்டப்போ இல்லைன்னுட்டேன். நிக்கிற கார் பக்கத்துல போனா கதவு திறக்கற அளவு தள்ளிப் போன்னு நாள் பூரா தொண்டை கிழியக் கத்தறவ நான். நானே போய்க் கதவுல மோதினேன்னு தெரிஞ்சா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணி. கூடச் சேர்ந்து சிரிக்க நீங்க இருக்கணும்ல?"

நாத்தனார் அவளை முறைத்தார். பிறகு, "கூப்பிடு அந்த டாக்டர் பொண்ணை" என்றார்.

டியூட்டி டாக்டர் உடனே வந்தாள். வெட்கத்தைத் தாண்டியதும் நாத்தனாருக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. எந்த ஓரத்தில் போனார், கதவு எப்படித் திறந்தது, பிரேக் எங்கே இருந்தது என்று விபத்தையே ஒரு பாடமாக நடத்தினார். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டாள். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இடது தோள்பட்டை வலிக்கிறதா என்று விசாரித்தாள்.

"ஆமா. அங்க ஒரு அடியும் படல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே ரத்தம் கசிந்தால் தோளில் வலி தெரியும் என்று டாக்டர் அமைதியாகச் சொன்னாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை கடியவில்லை. சொல்லும்போதே ஸ்கேனுக்கு அழைத்துப்போக ஆள் வந்துவிட்டார்.

மண்ணீரல் கிழிந்து மெல்ல ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மணிக்கட்டு அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு, அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கவைத்துக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டார்கள். கணவனும் அவளும் வெளியே மாறி மாறிக் காத்திருந்தார்கள். கசிவு தானாக நின்றது. மண்ணீரலை எடுக்க வேண்டிவரவில்லை. தெரியாமல் மறுநாள் மயக்கமருந்து கொடுத்திருந்தால் நிலைமை கைமீறியிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னாள்.

நாத்தனார் சாதாரண வார்டுக்கு மாறிய அன்று அந்த டாக்டரே ஆவணப் பிரிவுக்கு இறங்கிவந்தாள். விழுந்தேன் என்று வருகிறவர்களிடம் முதலிலேயே என்னவெல்லாம் கேட்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். எந்தக் கேள்வியைக் கேட்டால் நோயாளி சங்கடப்படமாட்டார் என்பது டாக்டருக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பதில் இல்லாவிட்டால் குறிப்பு பாதியில் நிற்கும் என்பது இவளுக்கு. டீ ஆறிப்போனதை இருவருமே கவனிக்கவில்லை.

மணிக்கட்டும் சரியான பிறகு நாத்தனார் ஸ்கூலைத் திறந்தார். தன் கதையை ஊர் வாயில் விட்டுவைக்க அவர் தயாராக இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வகுப்பே அந்த விபத்துதான். ஒரு விடுமுறை நாளில் கோடர் பின் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். கார் பெரிதாகியிருந்தது, கதவு முன்பைவிட வேகமாகத் திறந்தது, ஸ்கூட்டர் கிட்டத்தட்டப் பறந்தது.

வகுப்பு முடிந்ததும், "அண்ணி, அந்த வண்டி அவ்வளவு வேகம் போகவே போகாது" என்றாள்.

"உன் ஃபைல்ல நீ சரியா எழுது" என்றார் நாத்தனார், கார் சாவியைத் தேடியபடியே. "அடி வாங்கினவ நான். வேகத்தை நான் பார்த்துக்கறேன்."