ஐஸ் சாயச் சட்டை

சாயம் போடும் வீடியோவில் ஒரு வெளிநாட்டுக்காரி வாசலில் கிடந்த பனியை இரண்டு கையாலும் அள்ளித் துணிமேல் கொட்டினாள். அருப்புக்கோட்டையில் வாசலில் அள்ளினால் புழுதிதான் வரும். நான் மீன்கடையில் ஐஸ்கட்டி வாங்கி, சாக்கில் போட்டு உடைத்தேன்.

சட்டை தங்கபாண்டி மச்சானுக்கு. அத்தை மகன், லோடு வேன் ஓட்டுகிறவர். தை பிறந்ததும் எங்களுக்குக் கல்யாணம் என்று அத்தையே எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருந்தாள்.

வெள்ளைப் பருத்திச் சட்டையைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தேன். ஓட்டைக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் சட்டையைக் கசக்கி வைத்து, ஐஸைக் குவித்து, நீலமும் சிவப்புமாகச் சாயப்பொடி தூவினேன். ஐஸ் உருக உருகச் சாயம் தன் இஷ்டத்துக்கு இறங்கும். எங்கே எந்த நிறம் பிடிக்கும் என்று போட்டவளுக்கே தெரியாது. இந்த ஊர் வெயிலில் அது ஆற அமர உருகுமா? ஈரச்சாக்கால் மூடி, குளியலறையில் வைத்து, பத்துத் தடவை எட்டிப் பார்த்தேன். மறுநாள் அலசி விரித்தால், பையோரத்தில் ஆட்டுத்தலை மாதிரி ஒரு சிவப்பு.

"ஏ ஜெகதீ, ஊருல வேற எவன்ட்ட இருக்கு இப்பிடி?" என்றார் மச்சான். சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

அடுத்த மாதம் நான் வேலை பார்க்கும் மில்லில் சாப்பாட்டு நேரத்தில், பாலவனத்தத்து மாரிக்கனி போனை நீட்டினாள்.

"எங்க சித்தப்பா மகளை ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வந்தாக. மாப்பிள்ளை சட்டை எம்புட்டு ஜோரா இருக்கு பாரு."

படம் பெண்ணுக்காக எடுத்தது. காபி வாங்கும் மாப்பிள்ளை கழுத்துக்குக் கீழேதான் தெரிந்தான். ஆட்டுத்தலை முழுசாகத் தெரிந்தது.

வெளியே போய்ப் போன் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை எங்க மச்சான் போனீக?"

"பந்தல்குடியில லோடு ஏத்திட்டிருந்தேன்."

"உங்க சட்டை பாலவனத்தத்துல காபி குடிச்சிருக்கு."

"அந்த மாதிரிச் சட்டை கடையில ஆயிரம் விக்குது, புள்ள."

"அதே மாதிரி இன்னொண்ணு என்னாலயே பண்ண முடியாது. எங்கிட்டயே கதை விடுறீகளா?"

இனி என்ன 'அவர்'? அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் என்ன திருட்டுத்தனமாவா போனேன்? உங்க அம்மாவும்தான வந்தாக. பூத்தட்டத் தூக்கிட்டு வந்ததே அவுகதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போனவள் அம்மா. நான் வீட்டுக்குப் போனபோது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் ஏமாற்றியதையாவது தாங்கிக்கொள்வேன். இவளை எப்படித் தாங்குவது?

"நீயுமா, அம்மா?"

அவள் நிமிரவில்லை. "உங்க அத்தை வீட்டுல வேற எடம்னு முடிவு பண்ணிட்டாக. உங்கப்பா இல்லாத வீடு. நானும் போகலைன்னா அந்த ஒறவே அத்துப்போகும்டி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"எந்த வாயால சொல்லுவேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைத் தேற்றுகிறாளாம்: "சட்டைய எல்லாரும் மெச்சுனாக. எம் மக போட்ட சாயம்னு சொன்னேன். நிச்சயத்துக்கு அதே மாதிரி ஒரு சேலை வேணும்னு அந்தப் பொண்ணு ஆசையாக் கேட்டுச்சு."

ஒரு காம்பை ஒடித்துப் போட்டாள்.

"எம் மக பண்ணித் தருவான்னு சொல்லிட்டேன்."