வசந்தத் தொடக்கத்துக்கு நாலு நாள் முன்னால்

ஃபெங்யிங்கை நான் ஒன்பது வருடமாகப் பார்த்துவந்தேன், வருடத்துக்கு ஒரே ஒரு நாள். பஞ்ச காலத்தில் எங்கள் ஜியாங்யின் பக்கத்துக் குழந்தைகள் பலரை வடக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் நாற்பதைத் தாண்டிய பிறகு, பெற்றவர்களைத் தேடி வருடத்தில் ஒரு நாள் ரயிலேறி வந்து, பள்ளி மைதானத்தில் கட்டிய கயிறுகளில் தங்கள் விவரத் தாளைத் தொங்கவிட்டு, அதன் கீழே உட்கார்ந்திருப்பார்கள். பெற்றவர்கள் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். படிவம் நிரப்புவதும், வடக்குப் பேச்சும் எங்கள் பேச்சும் தெரிந்ததால் மொழிபெயர்ப்பதும் என் வேலை.

ஃபெங்யிங் வளர்ந்தது வடக்கே ஷாந்தோங்கில். கணவன் இறந்துவிட்டான், பிள்ளை இல்லை. அங்கே அவளைத் தெற்கத்திக்காரி என்பார்களாம். இங்கே நாங்கள் வடக்கத்திக்காரி என்றோம்.

அவளிடம் இருந்தது ஒரு சிவப்புத் துணி. அதில் பிறந்த வருடம், மாதம், நாள், நேரம் நான்கும் இரண்டிரண்டு எழுத்தாக, ஜோசியர் எழுதும் விதத்தில் இருந்தன. வருடத்துக்கு உரிய ஜோடி, வருடங்கள் சுற்றிவரும் அறுபது பெயர்களில் முப்பத்தாறாவது, ஜி-ஹாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது, பன்றி ஆண்டு. எல்லோரும் அந்த முதல் ஜோடியைத்தான் படித்தோம்.

மூன்றாவது வருடம் ஒரு கிழவி அவள் முன்னால் நின்றாள். ஃபெங்யிங்கின் காதுக்கு முன்னால், ஊசி குத்தியதுபோலப் பிறவியிலேயே ஒரு துளை உண்டு. அதைக் கிழவி விரலால் தொட்டுப் பார்த்தாள். எந்த வருடம் என்று எங்கள் பேச்சில் என்னைக் கேட்டாள். பன்றி என்றேன்.

"என் பொண்ணு அதுக்கு அடுத்த வருஷம், எலி. புது வருஷம் பொறந்து அஞ்சாம் நாள் பொறந்தவ."

"இந்தத் துளை நிறைய பேருக்கு இருக்கும்மா," என்றேன்.

கிழவி கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்ன சொன்னாள் என்று ஃபெங்யிங் கேட்டபோது, வேறு வருடமாம் என்று மட்டும் சொன்னேன். ரத்தப் பரிசோதனைக்கு அப்போது எங்களிடம் அதிக வசதி கிடையாது. வருடம் ஒத்துப்போனால்தான் அனுப்புவோம்.

ஒன்பதாவது வருடம் மழையில் அவள் தாள் நனைந்துபோனது. புதிதாக எழுதிக் கொடுக்கும்போது, துணியில் இருந்த எட்டு எழுத்தையும் பார்த்து எழுதினேன். கணக்கு டீச்சர் புத்தி, பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சரிபார்த்தேன். வருடங்களைப் போலவே நாட்களும் அறுபது பெயர்களில் சுற்றி வருபவை. துணியில் இருந்த மாதத்தில் அந்த நாளின் பெயர் ஒரே ஒரு முறைதான் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, பிப்ரவரி முதல் தேதி. ஆனால் அந்த முறை புது வருடம் ஜனவரி இருபத்தெட்டிலேயே பிறந்துவிட்டது. விரல்விட்டு எண்ணினேன். ஐந்தாம் நாள்.

கோயில் தெரு ஜோசியர் ஷாவுக்குப் போன் போட்டேன்.

"ஜாதகம் எழுதுறவங்களுக்குப் பட்டாசு வெடிக்கிற அன்னிக்கு வருஷம் பொறக்காது டீச்சர். வசந்தத் தொடக்கம் வரணும். அந்த வருஷம் அது பிப்ரவரி அஞ்சாம் தேதி. முன்னாடி பொறந்தா பழைய வருஷம்தான். பன்றின்னுதான் எழுதுவோம்."

"பெத்தவங்க என்ன சொல்லுவாங்க?"

"தெருவே எலின்னுதான் சொல்லும்."

பழைய படிவங்களில் கிழவியின் விலாசம் கிடைத்தது. அவள் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. மகன் கென்ஷெங் ரத்தம் கொடுத்தார். மூன்று வாரத்தில் ஒத்துப்போகிறது என்று முடிவு வந்தது.

நான்தான் ஃபெங்யிங்கைக் கூட்டிப்போனேன். கென்ஷெங் கோழி அடித்துச் சமைத்திருந்தார். அண்ணன் பேசுவது தங்கைக்குப் புரியவில்லை, தங்கை பேசுவது அண்ணனுக்குப் புரியவில்லை. காதைத் தொட்டுப் பார்த்த அன்று அம்மா வீட்டுக்கு வந்து பல நாள் அந்தக் காதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம். வருடம் சேரவில்லை, விட்டுவிடு என்று இவர்தான் அடக்கினாராம். இதை அவளிடம் சொல்ல வேண்டாம் டீச்சர் என்று கேட்டுக்கொண்டார்.

சொல்லத் தேவையிருக்கவில்லை. ஃபெங்யிங் சுவரில் இருந்த அம்மா படத்தின் முன்னால் நின்றிருந்தாள்.

"இவங்களை எனக்குத் தெரியும். கை சூடா இருந்துச்சு," என்றாள்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் தாளில் இருந்ததைத்தானே சொன்னீர்கள் என்றாள். அப்புறம், அம்மா தனக்கு என்ன பெயர் வைத்திருந்தாள் என்று அண்ணனிடம் கேட்கச் சொன்னாள். கென்ஷெங் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"பேர் வைக்கல. பேர் வெச்சுட்டா கொடுக்க மனசு வராதுன்னு அப்பா சொல்லிட்டார்."

அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

மறு வருடம் கல்லறை துடைக்கும் நாளுக்கு அவள் தனியாகவே வந்து போனாள். ஊர் திரும்பிய பிறகுதான் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணன் நல்லவர் டீச்சர். மீனை எடுத்து எடுத்து என் கிண்ணத்துல வெச்சுக்கிட்டே இருந்தார். ரெண்டு நாள் இருந்தேன். ஒரு வார்த்தை பேசிக்கல."

அடுத்த முறை நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் டீச்சர்," என்றாள். "பழகிக்கிறேன்."